கூட்டுரோட்டுச் சைலன்சர்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் கடந்த பின், கடலூரில் புறப்பட்டு நெய்வேலி, விருத்தாசலம் வழியாகச் சின்னசேலத்தையும் சேலத்தையும் நோக்கிப் போகும் மற்றொரு சாலை வந்து குறுக்கிடுகிற இடத்தில் இருக்கிறது வேப்பூர். கோயிலின் மகிமையும் பீங்கானின் கீர்த்தியும் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விருத்தாசலத்துக்குப் போய்விட்டன. பழுப்பு நிலக்கரியின் பெருமை அதற்கும் அப்பால் நெய்வேலிக்குப் போய்விட்டது. வேப்பூருக்கென்று மிஞ்சியவை வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தையும், பஸ் கண்டக்டர்கள் ஊர்ப்பெயரோடு சேர்த்தே கூவுகிற கூட்டுரோடுமே. ஆயினும் நான்கு திசைகளிலிருந்தும் வாகனங்கள் வந்து சேரும் கூட்டுரோடு அற்பமான ஆஸ்தி அன்று. தமிழ்நாடு எங்கும் இத்தகைய சந்திப்புகளின் ஜீவனம் பிரயாணிகளின் பசியாலும் வண்டிகளின் பழுதாலும் நடப்பது. பசியைப் பற்றி எழுதியவர்கள் அநேகர், பழுதைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சொற்பம். பஞ்சர் ஒட்டுகிறவர், ஸ்பிரிங் பட்டை மாற்றுகிறவர், ரேடியேட்டர் அடைக்கிறவர் என்று சாலையோரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டத்தில், துருப்பிடித்து ஓட்டையான சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டிக்கு ஏற்றபடி புதிதாக ஒன்று செய்து மாட்டுகிறவரும் ஒருவர். அவருடைய தொழிலின் பூர்வோத்தரத்தைச் சொல்வதே இங்கு உத்தேசம்.

கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டுத் தனக்கென்று அளவெடுத்துச் செய்த குழாயை மாட்டிக்கொள்வது இக்காலத்து வாலிபர்களின் ஆடம்பரம் என்று பொதுவாக ஓர் அபிப்பிராயம் நிலவுகிறது. சரித்திரம் அதற்கு நேர் விரோதமாக இருக்கிறது. கம்பெனிச் சைலன்சர் என்பது அட்டைப்பெட்டியில் வந்து கடையில் கிடைக்கத் தொடங்கியதுதான் பிந்திய கதை. அதற்கு முன் நம் நாட்டுப் பழைய கார்கள் அநேகமாக எல்லாவற்றின் வயிற்றுக்கடியிலும் ஏதோ ஒரு பட்டறையின் கைவேலை தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் இந்தக் குழாய் ஏன் கெடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனெனில் இது மழையால் கெடுகிறது என்றுதான் பலரும் எண்ணியிருக்கிறார்கள். மழை வெளியிலிருந்து தின்பது கொஞ்சமே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஜலம் ஆவியாகப் பிறக்கிறது. அந்த ஆவியோடு எரிபொருளிலிருந்த கந்தகத்தின் புகையும் கலந்து, குளிர்ந்த இரும்பைத் தொட்டவுடன் மெல்லிய அமிலமாகப் படிந்து, உள்ளிருந்தே தகட்டை அரிக்கிறது. என்ஜினை ஒட்டிய மேனிஃபோல்டு எப்போதும் தகதகவென்று காய்ந்திருப்பதால் அதற்கு இந்த ஆபத்து குறைவு. கடைசியில், பின்புற அச்சுக்கருகே இருக்கும் சைலன்சரோ உஷ்ணம் ஏறுவதற்குள் பிரயாணம் முடிந்துவிடுகிறபடியால் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. ஆகவேதான் திருச்சிக்கும் சென்னைக்கும் ஓயாமல் ஓடும் வாடகைக் காரின் சைலன்சர் ஆண்டுக்கணக்கில் நிற்க, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குமாக இரண்டு மைல் ஓட்டி, துணி போட்டு மூடிவைக்கப்பட்ட டாக்டரின் கார் சீக்கிரத்தில் உறுமத் தொடங்குகிறது. வண்டியைப் போற்றிப் பாதுகாத்தவருக்கே தண்டனை என்பது கொஞ்சம் அநியாயமாகத்தான் தோன்றும்.

உறுமலை அடக்கும் வித்தை மோட்டாருக்குச் சற்றேறக்குறைய சமவயதுடையது. அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில் மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவியைச் செய்து பிரசித்தி பெற்ற ஹிராம் பெர்சி மாக்சிமும் மோட்டார்ச் சைலன்சரில் கை வைத்தவரே. தத்துவம் எளிது. வெடித்து வரும் வாயுவைத் திடீரென்று விரிந்த ஓர் அறைக்குள் விட்டு, துளையிட்ட குழாய்களின் வழியாகவும் தடுப்புத் தகடுகளைச் சுற்றியும் அலையவைத்து, ஓசையின் அலைகள் ஒன்றோடொன்று மோதி மாய்ந்துபோகும்படி செய்வது. காலிக் குடத்தின் வாயில் ஊதினால் குடத்தின் கொள்ளளவுக்கு ஏற்ப ஒரே ஒரு சுருதி எழுவதுபோல, சைலன்சரின் சில உள்ளறைகள் தத்தமக்குரிய சுருதியையே விழுங்கும். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த விஷயம் இது. தடுப்பு அதிகமானால் வாயு வெளியேற வழியின்றி என்ஜின் மூச்சுத் திணறும். குறைவானால் ஊரே விழித்துக்கொள்ளும். சாலையோரத்து மேஸ்திரி ஹெல்ம்ஹோல்ட்ஸைக் கேள்விப்பட்டதில்லை; ஆனால், “ரொம்ப அடைச்சா வண்டி இழுக்காதுண்ணே” என்று அவர் சொல்லும்போது அந்தத் தராசைத்தான் கையில் வைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் தகட்டு வேலைக்காரர்கள் மோட்டாருக்குள் புகுந்ததற்கு யுத்தம் ஒரு பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து பஸ்கள் நின்றுபோகும் நிலை ஏற்பட்டபோது, மரக்கரியை எரித்து அதிலிருந்து பிறக்கும் வாயுவால் என்ஜினை ஓட்டும் ஏற்பாடு நாடெங்கும் பரவிற்று, மதுரை டி.வி.எஸ். ஸ்தாபனத்தார் தயாரித்த கரிவாயு இயந்திரம் அவற்றுள் பிரசித்தமானது. பஸ்ஸின் பின்புறத்தில் கொப்பரை போன்ற உலையைச் சுமந்துகொண்டு, புறப்படுமுன் ஒருவர் காற்றுச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனலவைக்க, மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கி நடக்க, அந்தக் கரி பஸ்கள் ஓடிய காலத்தை நேரில் கண்டவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்புக்கு அப்பால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலையிலிருந்து வரும் வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி, துளிக்கூடக் கசியாமல் என்ஜினுக்குக் கொண்டுபோகும் குழாய்களும் கலங்களும் செய்வதற்கு, அதுவரை அண்டாவும் வாளியும் அடித்துக்கொண்டிருந்த கைகள் தேவைப்பட்டன. கசிந்தால் உயிர் போகும் என்பதும் அப்போதே தெரிந்துபோயிற்று. கரிவாயுவிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஓட்டைச் சைலன்சரின் வழியாகக் காருக்குள் நுழைந்து தூங்குகிறவனைத் தூக்கத்திலேயே முடிக்கும் அதே விஷந்தான்.

யுத்தம் முடிந்தது, பஞ்சம் முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பின் உத்தரபாராவில் அம்பாசிடரும், பம்பாயில் ஃபியட்டும், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஸ்தாபனத்தின் ஹெரால்டும் உற்பத்தியாயின. லைசென்ஸ் ராஜ்யத்தில் காருக்குப் பணம் கட்டி வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள், அதன் உதிரிப் பாகத்துக்கு மட்டும் உடனே அருள்பாலிக்கப்படுவார்கள் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் புதிதும், புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கலாம்; ஆனால் சைலன்சர் உதிர்ந்து விழுந்த வண்டி உளுந்தூர்ப்பேட்டைக்குத் தெற்கே நின்றுகொண்டிருக்கையில் புதுப்பேட்டை என்ன பிரயோஜனம்? ஹெரால்டின் உற்பத்தி 1970-களின் தொடக்கத்தில் நின்றது. அந்தக் காரை விற்க மனமில்லாத சொந்தக்காரர்களுக்குப் பிறகு பட்டறையே கம்பெனி ஆயிற்று.

அந்தப் பட்டறையில் குழாய் வளைந்த விதத்தைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். என்ஜினிலிருந்து பின்புறம் வரை குழாய் நேராகப் போவதில்லை; கியர்பெட்டிக்கு ஒதுங்கி, ஷாஃப்டுக்கு விலகி, பின் அச்சின் மேலே ஏறி இறங்கிப் போக வேண்டும். வெறுங்குழாயைச் சூடாக்கி வளைத்தால் வளைவில் அது நசுங்கிப் போகும். நசுங்கிய இடத்தில் வாயு தடைப்படும். ஆகவே நன்றாக உலர்த்திச் சலித்த ஆற்று மணலைக் குழாய்க்குள் கொட்டி, கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, இரு முனைகளையும் மரக்கட்டையால் அடைத்துவிடுவார்கள். மணலில் ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் நெருப்பில் ஆவியாகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டாக எறியும். பிறகு வளைக்க வேண்டிய இடத்தை மட்டும் துருத்தி உலையிலோ கேஸ் வெல்டிங் ஜுவாலையிலோ பழுக்கக் காய்ச்சி, இரும்புக் கட்டைகளுக்கு நடுவே செருகி, அவசரப்படாமல் இழுக்க, உள்ளே மணல் தாங்க, குழாய் வட்டம் குலையாமல் வளையும். உட்புறம் சுருக்கம் விழும்போல் தெரிந்தால் உடனே ஈரத்துணியால் அந்தப் பக்கத்தைக் குளிர்வித்து, வெளிப்புறத்தை மட்டும் நீளவைப்பார்கள். அளவெடுப்பதற்கு டேப் கிடையாது. மெல்லிய கம்பியொன்றை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வளைத்து வளைத்துப் பார்த்து, அதையே மாதிரியாக வைத்துக்கொள்வார்கள். அந்தக் கம்பிதான் வரைபடம். வேலை முடிந்தபின் அதுவே அடுத்த வண்டிக்கு நிமிர்த்தப்படும்.

கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டு அசிட்டிலீன் வாயு எடுக்கும் டிரம் ஒவ்வொரு பட்டறையின் மூலையிலும் இருந்தது. அதன் பூண்டு நாற்றமும், கொட்டிய சுண்ணாம்புச் சேறும் பட்டறையின் விலாசமாக விளங்கின. சைலன்சர்க் கூடு என்பது உருட்டிப் பற்றவைத்த தகடு. அதற்குள் துளையிட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அல்லது இரும்புச் சீவல். இணைப்புகளில் அஸ்பெஸ்டாஸ் பேக்கிங். அஸ்பெஸ்டாஸின் தூசி நுரையீரலுக்கு எமன் என்று அக்காலத்தில் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. மலிவென்று தண்ணீர்க்குழாயான ஜி.ஐ. பைப்பைப் பற்றவைத்தவர்கள், துத்தநாகப் பூச்சு எரிந்த வெண்புகையைச் சுவாசித்து, அன்றிரவு குளிர்காய்ச்சலில் நடுங்கி, மறுநாள் காலை ஒன்றுமே நடவாததுபோல் எழுந்து வந்தார்கள். கெட்டிக்கார மேஸ்திரிகள் மட்டும் கடைசியில் ஒரு காரியம் செய்வார்கள்: கூட்டின் அடிப்பாகத்தில், மிகத் தாழ்ந்த இடம் பார்த்து, ஊசிமுனையளவு துளை ஒன்று போடுவார்கள். தேங்கும் ஜலம் அதன் வழியே சொட்டிப் போகும். சைலன்சரின் ஆயுள் கூடும். புதுச் சைலன்சரில் ஓட்டை போட்டுவிட்டான் என்று சண்டைக்கு வருகிற சொந்தக்காரரை இந்த நியாயத்தைச் சொல்லிச் சமாதானப்படுத்துவது தனி வேலை.

இந்தத் தொழில் உச்சத்துக்கு வந்தது எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு. 1973-இல் உலகத்தில் கச்சா எண்ணெயின் விலை பன்மடங்கு ஏறியதும், பெட்ரோல் அம்பாசிடரை வைத்து வாடகை ஓட்டுவது கட்டுபடியாகாமற்போய், சொந்தக்காரர்கள் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு மெட்டடார் முதலிய டீசல் என்ஜின்களை ஏற்றத் தலைப்பட்டார்கள். என்ஜின் வேறு, வண்டி வேறு. ஒன்றின் வாய் இருக்குமிடத்தில் மற்றொன்றின் குழாய் இராது. அப்படிப்பட்ட கலப்பு மணத்துக்கு எந்தக் கம்பெனியும் சைலன்சர் செய்து விற்கவில்லை, விற்கவும் முடியாது. எனவே மாற்றிய வண்டி ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் அளவெடுத்துச் செய்த குழாய்தான். டீசல் புகை உஷ்ணம் குறைந்தது, கரி அதிகம் உடையது. ஆதலால் குழாயின் விட்டத்தைக் கூட்டவும், கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யத்தக்கபடி பிளாஞ்சு வைத்து இணைக்கவும் அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள்.

இரும்பைப் பற்றிப் பேசுகையில், கடலூரையும் சேலத்தையும் சேர்க்கும் இந்தப் பிரதேசத்துக்கு ஒரு பழைய பாத்தியதை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது தகாது. கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை தொடங்கினார். சேலத்துக் கனிமத்தைக் கொண்டுவந்து, காட்டு மரங்களைக் கரியாக்கி உருக்கிய அந்த முயற்சி சில பத்தாண்டுகள் தள்ளாடி நடந்து நின்றுபோயிற்று. ஹீத் பின்னர் இங்கிலாந்து போய், மாங்கனீசைச் சேர்த்து உருக்கைச் சீர்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். ஷெஃபீல்டு நகரத்து முதலாளிகள் அதனால் செழித்தார்கள், ஹீத் மட்டும் அவர்களோடு வழக்காடியே ஓய்ந்துபோனார். அதே ஷெஃபீல்டில்தான் 1913-இல் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த துருப்பிடிக்காத உருக்கை உலகறியச் செய்தார். சேலத்துக் கஞ்சமலைப் பக்கத்தில் 1970-இல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டு, 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்த உருக்காலை, அந்தத் துருவேறாத தகட்டையே தமிழ்நாட்டில் செய்தது.

துருப்பிடித்த சைலன்சருக்குப் பதில் ‘எஸ்.எஸ். பைப்’ போட்டுத் தாருங்கள் என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே வந்த கதை இதுதான். ஆனால் இதில் ஒரு பொய்ப் பரீட்சை கலந்துவிட்டது. காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் டூப்ளிகேட், ஒட்டாவிட்டால் அசல் என்று தீர்ப்புச் சொல்லுகிறார்கள். பாத்திரத்துக்குரிய நிக்கல் கலந்த வகையில் காந்தம் ஒட்டாது என்பது மெய். உலகத்துக் கார் கம்பெனிகள் புகைக்குழாய்க்கு உபயோகிக்கும் 409 என்ற வகையோ சுமார் 11 சதவீதம் குரோமியம் மாத்திரம் உடையது, காந்தம் அதில் நன்றாக ஒட்டும், மேலே லேசான செந்துருவும் படியும். ஆயினும் அது ஓட்டையாவது அபூர்வம். பளபளப்பைத் தேடுகிறவர் ஒன்றையும், ஆயுளைத் தேடுகிறவர் மற்றொன்றையும் வாங்கலாம். எதை வாங்கினாலும் இணைப்பைச் சாதாரண ராடு வைத்துப் பற்றவைத்தால் துரு அந்த இணைப்பிலேயே குடியேறிவிடும். ஆர்கான் வெல்டிங் இல்லாத பட்டறையில் எஸ்.எஸ். குழாய் போடுவது வீண் செலவு.

இனிச் சட்டத்தின் பிரவேசம். சைலன்சர் இல்லாமல் வண்டி ஓட்டலாகாது என்பது பழைய விதியே. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் அதை உறுதிப்படுத்தியதோடு, புகை கீழ்நோக்கியோ இடப்புறமாகவோ வெளியேறக் கூடாது என்றும் கூறின. நம் நாட்டில் நடந்து போகிறவர்கள் இருப்பது சாலையின் இடது ஓரத்தில் என்பதை நினைத்தால் இதன் காருண்யம் விளங்கும். இதெல்லாம் பட்டறைக்காரருக்குப் பாதகமில்லை. குழாயின் முனையைத் திருப்பி வைத்தால் சரியாயிற்று. பாதகம் வந்தது 1995 ஏப்ரல் முதல் தேதியன்று. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு ‘கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்’ என்ற நச்சுமுறிப்புப் பெட்டி கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் அந்தப் பெட்டி செயலற்றுப்போகும். ஈயமற்ற பெட்ரோல் நாடு முழுவதும் வந்து சேர்ந்தது 2000-இல்தான். ஆதலால் இடைப்பட்ட காலத்தில் சென்னையில் புதுக்கார் வாங்கித் தெற்கே பிரயாணம் செய்தவர், சாப்பாட்டுக் கடையை விசாரிப்பதற்கு முன் ஈயமற்ற பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டியிருந்தது. பெட்டி கெட்டுப்போனவர்கள் சிலர், உள்ளே இருந்ததைக் கம்பியால் குத்தித் தட்டி எடுத்துவிட்டு வெறுங்கூட்டை மறுபடி மாட்டிக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

அவர்கள் தட்டி எடுத்துக் குப்பையில் போட்டது என்ன தெரியுமா? பீங்கான். தேன்கூட்டைப்போல் நெருங்கிய நுண்ணிய துளைகள், ஒரு சதுர அங்குலத்துக்கு 400 வரை உள்ள, கார்டியரைட் என்ற பீங்கான் கட்டி அது. அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியில் பாக்லி, லாக்மன், லூயிஸ் என்ற மூவர் 1970-களின் ஆரம்பத்தில் உருவாக்கியது. துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான டிகிரி உஷ்ணம் ஏறி இறங்குகையில் வெடிக்காமல் தாங்குவது அந்தப் பீங்கானின் குணமே. கார்டியரைட்டுக்கு வேண்டியவை வெண்களிமண்ணும், மக்னீஷியமும், அலுமினாவும். வெண்களிமண் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிறது. விருத்தாசலத்துச் சூளைகள் அந்த மண்ணை நம்பித்தான் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் சுட்டன. மக்னீஷியம் சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்களில் மக்னசைட்டாகக் கிடைக்கிறது. இரண்டையும் சேர்க்கிற சாலை வேப்பூர் கூட்டுரோட்டைத் தாண்டியே போகிறது. உலகெங்கும் பீங்கான் சூளைகளில் பாண்டங்களைத் தாங்கும் தட்டுகள்கூட இந்தக் கார்டியரைட்டால் செய்யப்படுபவை. அதாவது இது பீங்கான்காரர்களுக்கு அந்நியமான வஸ்து அன்று. மண்ணும் கல்லும் விருத்தாசலத்துப் பீங்கான் கல்லூரியும் அருகருகே இருந்தும் அந்தத் தேன்கூடு இங்கே பிறக்கவில்லை. அதற்கு மண் போதாது. மயிரிழைச் சுவரோடு பிழிந்தெடுக்கும் அச்சும், பெரும் மூலதனமும், கார் கம்பெனிகளின் உடன்படிக்கையும் வேண்டும். பொம்மையிலும் ஃபியூஸ் கட்டையிலும் அந்தத் தொழில் தங்கிவிட்டதைக் குறையாகச் சொல்லத்தான் தோன்றுகிறது.

பட்டறைக்காரரின் நிலைமையும் இதனால் தலைகீழாயிற்று. தன் கைக்கு அடங்காத ஒரு பொருள் முதன்முதலாகக் குழாய்க்குள் வந்து உட்கார்ந்தது. பாரத் ஸ்டேஜ் என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகி, 2020 ஏப்ரலில் ஆறாம் படிக்கு வந்தபோது, கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்ஸிஜன் சென்சார்கள் காவல் நின்றன. இடையிலுள்ளதைத் தொட்டால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமோ கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதையே தடுக்கிறது. ஓசை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019-இல் திருத்தமும் வந்தது. புல்லட் மோட்டார் சைக்கிள்களில் மாட்டிய கூச்சல் சைலன்சர்களைப் போலீஸார் பறிமுதல் செய்து, சாலையில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் காட்சியைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். நசுங்கட்டும் என்றே நான் சொல்லுவேன். ஓசையைக் குறைக்கப் பிறந்த தொழிலை ஓசையைக் கூட்டப் பயன்படுத்தியவர்களால் நல்ல மேஸ்திரிகளுக்கும் கெட்ட பெயர் வந்தது. விசித்திரம் என்னவென்றால், முன்பு பழைய இரும்புக்குக்கூட மதிக்கப்படாத புகைக்குழாய்க்கு இப்போது திருடர்கள் வந்துவிட்டார்கள். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் மாருதி ஈக்கோ வேன்களின் அடியில் இரவில் புகுந்து, அந்தப் பல்லேடியப் பூச்சுக்காகவே சைலன்சரை அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பெருஞ்சாலை நான்கு வழியாக விரிந்து வாகனங்கள் ஊரைத் தொடாமலே பாய்ந்து போகிற இக்காலத்தில், துருப்பிடித்த குழாயோடு பட்டறைக்கு வருகிறவருக்குச் சொல்லப்படும் விடை ஒன்றே: கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள பிளாஞ்சு வரை கம்பெனிக்குச் சொந்தம், அதற்குப் பின்னால் நான் செய்கிறேன். அந்தப் பின்பாதிக்கு உள்விட்டத்தை மாற்றாமல், பழைய கூட்டின் கொள்ளளவைக் குறைக்காமல், ரப்பர் ஹேங்கர்களைப் புதிதாக மாட்டி, அடியில் சொட்டுத்துளை வைத்துச் செய்து வாங்கிக்கொண்டால் புகைச் சான்றிதழுக்கும் பங்கமில்லை, தூக்கத்துக்கும் பங்கமில்லை. முழுக்குழாயையும் வளைக்கும் வேலை வேண்டுமானால் கார்களை விட்டு வேறிடம் பார்க்க வேண்டும். டிராக்டரும் கரும்பு அரவை என்ஜினும் ஜெனரேட்டரும் அறுவடைக் காலத்தில் இன்றும் பட்டறை வாசலுக்கு வருகின்றன. அவற்றுக்கு இன்னமும் கம்பியை வளைத்துத்தான் அளவெடுக்கிறார்கள்.